குமரகத்துக் காய்கறிக் கூடை

ஊர் கெடாமல் சுற்றுலாத் தொழில் நடக்க வேண்டும், அதில் சின்னதாகத் தொழில் செய்பவர்கள் தாக்குப்பிடிக்க என்ன உதவி வேண்டும் என்று பேச அழைத்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்த ஊர் குமரகம்.

கேரளத்தில் கோட்டயத்துக்கு மேற்கே, வேம்பநாட்டுக் காயல் கரையில் இருக்கிறது. படகு வீடுகள் வந்தன, பெரிய விடுதிகள் வந்தன. ஆனால் விடுதிச் சமையலறைக்குக் காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. கேரளத்துக்குத் தினமும் எத்தனை லாரி காய் போகிறது என்று கம்பம், தேனி நேயர்களுக்குச் சொல்ல வேண்டுமா? பணம் ஊரைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டது. ஊர்க்காரர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

2008-இல் சுற்றுலாத் துறையும் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். காயை நாங்கள் விளைவிக்கிறோம், விடுதிகள் வாங்கட்டும். தரிசாய்க் கிடந்த வயல்கள் பச்சை பிடித்தன. முதலில் தடுமாற்றம்தான், விடுதி கேட்கும் நாளில் காய் இருக்காது, காய் குவியும் நாளில் விடுதிக்குத் தேவைப்படாது. எந்த மாதம் எதைப் பயிரிடுவது என்று அட்டவணை போட்டார்கள். விலை வைக்க ஒரு குழு அமைத்தார்கள். அதன்பிறகே வண்டி சீராக ஓடியது.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது கயிறு திரிக்கும் முற்றம். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுக்கிறார்கள். ஒருவர் ராட்டையைச் சுற்ற, இடுப்பில் நார்ப்பொதியோடு ஓர் அம்மா பின்னோக்கி நடக்கிறார். விரலிடுக்கிலிருந்து நார் இழுபட்டு, கண்ணெதிரே கயிறாகிறது. பார்க்க வந்த பிள்ளைகள் கேட்டு வாங்கித் திரித்தால் நான்கடிக்குள் அறுந்துவிடும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். இப்படி வீட்டு வேலையைக் காட்டுவதற்கும் அவருக்குக் கூலி உண்டு. புதுக் கட்டடம் வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். நிலைத்த வளர்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான். கேரளத்தின் இந்த முயற்சிக்கு 2013-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருதும் கிடைத்தது.

தங்குமிடம் நடத்தும் சிறு குடும்பங்களுக்குக் கணக்கெழுதப் பழக்குவது என் வேலை. மலையூர் ஒன்றில் விடுதிக்கு ஊறுகாயும் தேனும் கொடுத்துவந்த அக்கா ஒருவர் பில் கட்டைக் காட்டினார். மூன்று மாதப் பாக்கி! “கடன் வாங்கித் தர எல்லாரும் வர்றாங்க, என் காசை வாங்கித் தரத்தான் ஆளில்லை” என்றார். குமரகத்தில் நடுவில் நின்று பேச ஒரு பஞ்சாயத்து இருந்தது. இந்த அக்காவுக்கு இல்லை. பயிற்சி, மானியம், உரிமம் எல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் முதல் உதவி, நிச்சயமாக வாங்கும் ஓர் ஆளும் தவணை தவறாத பணமும்.

குப்பை, கழிவுநீர் பற்றிப் பேச நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ விடுதி நடத்தும் நேயர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக் காலை ஒரு கூடைக் காயாவது பக்கத்து ஊர்ப் பெண்கள் குழுவிடம் வாங்குங்கள், பணத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். செய்வீர்கள் என்று நம்புகிறேன்.