வெயில் அறிவிப்பும் நம் பிள்ளைகளும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"வெயிலு முன்ன மாதிரி இல்லே வாத்தியாரே" என்று செம்பனைக் காட்டிலிருந்து வருபவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வரும் கரியமில வாயு, கம்பளிபோல் பூமியைப் போர்த்திச் சூட்டைப் பிடித்து வைக்கிறது.

நம் நாட்டு வானிலைத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுகிறது. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை ஏறினால் முதல் நிலை. 37ஐத் தாண்டினால் இரண்டாவது. 40ஐத் தாண்டினால் மூன்றாவது. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. இதெல்லாம் நிழலில் அளந்த கணக்கு. வெட்டவெளியில் வேலை செய்பவர் படும் சூடு இன்னும் அதிகம்.

சென்ற ஆண்டு ஓட்டப் பயிற்சியில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. அன்று காலையிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. நான்தான் படிக்கவில்லை. தவறு என்னுடையது. இப்போது பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றிவிட்டோம்.

பரிசு பெறும் பிள்ளைகளே, அறிவிப்பு மலாயில் வருகிறது. அதை வீட்டில் தமிழில் படித்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை சொன்னால் "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். தண்ணீர் கொண்டு போங்கள். தலை சுற்றினால் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஒரு நாள் கூலியை நாளைக்குச் சம்பாதிக்கலாம், உயிரை முடியுமா?