நாலரை நிமிடக் கடல்: சின்ன விமானத்தில் முதல் வெளிநாட்டுப் பயணம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

 

"பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டீங்களே, அடுத்து என்ன?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அடுத்து வெளிநாடு. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, நாலு சீட் செஸ்னா 172-ல. இந்த எபிசோட் அந்தத் திட்டத்தைப் பத்தி. கூடவே எங்க அப்பா பாஸ்போர்ட்ல விழுந்த ஒரு விசித்திரமான முத்திரையைப் பத்தியும்.

முதல்ல ஊர். நான் விருத்தாசலம். எங்க ஊரை வெளியூர்க்காரங்க ரெண்டு விஷயத்தால அடையாளம் சொல்வாங்க: விருத்தகிரீஸ்வரர் கோயில், ரயில்வே ஜங்ஷன். உள்ளூர்க்காரங்களுக்கு மூணாவது ஒண்ணு இருக்கு, பீங்கான். செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிக்கத் தனிக் கல்லூரியே இருக்கு. உங்க வீட்டு கொலுவில் இருக்கிற பொம்மையோ, பழைய மீட்டர் பலகையில் இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கேரியரோ எங்க ஊர்ச் சூளையில வெந்ததா இருக்கலாம். எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல அந்தச் சூளைகள்ல வேலை பார்த்தவர். விமானத்துல ஏறினதே இல்ல.

நமக்கு முன்னாடி போனவங்க

சின்ன விமானத்துல நாடு விட்டு நாடு போறது புதுசா யாரோ கண்டுபிடிச்ச சாகசம் இல்ல. 1930-ல, ஆகா கான் அறிவிச்சிருந்த ஒரு பரிசுக்குப் போட்டி நடந்தது: இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாளா பறந்து முடிக்கிற முதல் இந்தியருக்கு 500 பவுண்ட். மூணு பேர் இறங்கினாங்க. மன்மோகன் சிங், ஆஸ்பி இன்ஜினியர், ஜே.ஆர்.டி. டாட்டா. ஆஸ்பிக்கு அப்போ வயசு 17. அவர் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்கு வர்றார், டாட்டா கராச்சியிலிருந்து இங்கிலாந்துக்குப் போறார்.

ரெண்டு பேரும் எகிப்துல, அபூகீர்ங்கிற இடத்துல சந்திச்சாங்க. ஆஸ்பி அங்கே மாட்டிக்கிட்டு நிக்கிறார், காரணம் ஒரு ஸ்பார்க் பிளக். டாட்டா தன்கிட்ட இருந்த உபரி பிளக்கை எடுத்துக் கொடுத்துட்டார். போட்டியாளருக்கு! கடைசியில ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்துல ஜெயிச்சார். மன்மோகன் சிங்கும் இந்தியா வந்து சேர்ந்தார், ஆனா கெடு தாண்டிடுச்சு. ஆஸ்பி பின்னாடி இந்திய விமானப்படைக்கே தளபதியானார்.

நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு. 1935 நவம்பர் 27. கொழும்பு பக்கத்துல இருக்கிற ரத்மலானை விமானத் தளத்துல முதல் விமானம் இறங்குது. எங்கிருந்து வந்தது தெரியுமா? மெட்ராஸ்ல இருந்து. பஸ் மோத்ங்கிற ஒத்தை எஞ்சின் சின்ன விமானம். ஓட்டினவர் டின்டேல் பிஸ்கோ, மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்போட தலைமைப் பயிற்றுநர். 1947 டிசம்பர்ல ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கினப்போ, அதுவும் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியா மெட்ராஸுக்குத்தான் வந்தது. ஆக, நான் புதுசா எதுவும் பண்ணல. பழைய பாதையில போக ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

காகிதம்தான் முதல் மலை

விமானம் என்னோடது இல்ல. ஒரு அண்ணன் வச்சிருக்கார், அவரும் பைலட். நான் செலவுல பங்கு போட்டு ஓட்டுவேன். "யாழ்ப்பாணம் போலாமா அண்ணா?"ன்னு கேட்டப்போ அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஃபைல் ஒண்ணு வாங்கிக்கம்மா."

உள்நாட்டுல பறக்கவே நம்ம நாட்டுல விமானத் திட்டம் தாக்கல் பண்ணி, எஃப்ஐசி எண், வான் பாதுகாப்பு அனுமதி எண் ரெண்டும் வாங்கணும். வெளிநாடுன்னா அதுக்கு மேல இலங்கையோட முன்அனுமதி. புறப்படுற இடத்துலயும் இறங்குற இடத்துலயும் சுங்கம், குடியேற்றப் பிரிவு இருக்கணும். அதனாலதான் திருச்சி, அதனாலதான் பலாலி. எங்கேயோ வயல் பக்கத்து ஓடுதளத்துல ஏறி, பிடிச்ச இடத்துல இறங்கவெல்லாம் முடியாது.

விமானத்துல என்னென்ன காகிதம் இருக்கணும்னு 1944-ல கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையே பட்டியல் போட்டிருக்கு: பதிவுச் சான்று, பறக்கும் தகுதிச் சான்று, விமானிகளோட லைசென்ஸ், பயணப் பதிவேடு, ரேடியோ உரிமம், பயணிகள் பட்டியல். இன்சூரன்ஸ் வெளிநாட்டுல செல்லுபடியாகுமான்னு தனியா கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. எங்க பாலிசியில அது இல்ல, கூடுதலா கட்டித்தான் சேர்த்தோம்.

என் சிபாரிசு: பயணத் தேதியை முதல்ல முடிவு பண்ணாதீங்க. அனுமதி வர்ற வேகம் நம்ம கையில இல்ல. ஒரு மாசத்தைக் குறிச்சுக்குங்க. நாங்க தை, மாசியைக் குறிச்சோம். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை, அந்தப் பக்கமே யோசிக்க வேண்டாம்.

கடல் கணக்கு

இப்போ நிஜமான விஷயத்துக்கு வர்றேன். திருச்சியிலிருந்து பலாலிக்கு நேர்கோடு போட்டா சுமார் 184 கிலோமீட்டர். அதுல பாதி கடல். அதிராம்பட்டினம் பக்கம் கரையை விட்டா அந்தக் கரை வரைக்கும் 90 கிலோமீட்டர் தண்ணிதான்.

அதுக்குப் பதிலா கொஞ்சம் வளைஞ்சு, கோடியக்கரை வரைக்கும் நிலத்தை ஒட்டியே போயிட்டு அங்கிருந்து திரும்பினா? மொத்த தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான் கூடும். ஆனா கடல் 55 கிலோமீட்டராச் சுருங்கிடும்.

எங்க விமானத்துக்கு ஒரே எஞ்சின். அது நின்னா விமானம் கல்லு மாதிரி விழாது, சறுக்கிக்கிட்டு இறங்கும். போற திசைக்கு எங்களுக்கான உயரம் 9,500 அடி. கையேட்டுக் கணக்குப்படி அந்த உயரத்துலிருந்து காத்து இல்லாதப்போ 26 கிலோமீட்டர் சறுக்கலாம். கையேடு எழுதினவர் அனுபவஸ்தர், விமானமும் புதுசு. நம்ம கை அப்படியா? அதனால நாங்க 20-னு வச்சுக்கிட்டோம். அப்போ இந்தக் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரைக்கும் திரும்பி வந்துடலாம். அந்தக் கரைக்கு 20 கிலோமீட்டர் இருக்கும்போது போய்ச் சேர்ந்துடலாம். நடுவுல மிச்சம் 15 கிலோமீட்டர். நிமிஷத்துக்கு 3.4 கிலோமீட்டர் போறோம். நாலரை நிமிஷம்.

அந்த நாலரை நிமிஷத்துல எஞ்சின் நின்னா தண்ணியிலதான் இறங்கணும். முழுப் பயணத் திட்டமும் அந்த நாலரை நிமிஷத்துக்காகத்தான்.

அதுக்கு என்ன பண்ணோம்? லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில வைக்கல, மூணு பேரும் கிளம்பும்போதே மாட்டிக்கிறதுன்னு முடிவு. விமானத்துக்குள்ள அதை ஊதக் கூடாது, வெளியே வந்த பிறகுதான் ஊதணும். உள்ளே ஊதினா தண்ணி ஏறும்போது கூரையில ஒட்டிக்கிட்டு வெளியே வர முடியாது. தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்து வைக்கணும். நாலு பேர் உட்கார்ற ரப்பர் படகு ஒண்ணு. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒண்ணு, அதைப் பதிவு பண்ணி வச்சாத்தான் சிக்னல் வந்ததும் அது யாருன்னு பெங்களூர்ல இருக்கிற இஸ்ரோ மையத்துக்குத் தெரியும். அப்பாவை வீட்டு ஹால்ல ரெண்டு நாற்காலி போட்டு உட்கார வச்சு, கண்ணைக் கட்டி, பெல்ட்டைக் கழட்டி வெளியே வரப் பழக்கினேன். அம்மா அதைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அதையும் சொல்லணும்ல?

பெட்ரோல், எடை, பொம்மை

சின்ன விமானத்துக்கு வேண்டியது ஏவிகேஸ். பெரிய விமானங்கள் குடிக்கிறது ஜெட் எரிபொருள். பெரிய விமான நிலையம்ங்கிறதால நமக்கு வேண்டியது கிடைக்கும்னு நம்பாதீங்க. போய் வரத் தேவையானதை இங்கேயே நிரப்பிடணும். எங்க டேங்க் சுமார் 200 லிட்டர். மணிக்கு 35 லிட்டர்னு வச்சாலும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல வரும். போக ஒரு மணி, வர ஒரு மணி. தாராளம்.

ஆனா முழு டேங்க்னா எடை. நிரப்பின பிறகு ஆளுக்கும் சாமானுக்கும் மிச்சம் 250 கிலோ. மூணு பேரையும் தராசுல ஏத்தினா 207. படகு, ஜாக்கெட், கருவிகள் 20. பைக்கு 23 கிலோ. அப்பா ஒரு அட்டைப் பெட்டியோட வந்தார். உள்ளே வைக்கோல் சுத்தி ஒன்பது பொம்மை. "முதமுதல்ல ஒரு ஊருக்குப் போறோம், வெறுங்கையோடயா போறது பாப்பா?" பெட்டி மட்டும் 19 கிலோ! ரெண்டு பொம்மையோட சமாதானம் ஆனோம்.

அந்தக் காலை

எல்லாம் கூடி வந்தது. அனுமதி வந்தது. வானம் தெளிவு. திருச்சியில சுங்கம் முடிஞ்சு, குடியேற்ற அதிகாரி அப்பா பாஸ்போர்ட்ல புறப்பாட்டு முத்திரை குத்தினார். அறுபத்து மூணு வயசுல முதல் முத்திரை. அப்பா அதை ஊதி ஊதிக் காயவச்சார்.

ஓடுதளத்துக்கு முன்னாடி எஞ்சின் சோதனை. எங்க எஞ்சின்ல நாலு சிலிண்டர், எட்டு ஸ்பார்க் பிளக், ரெண்டு மேக்னெட்டோ. ஒவ்வொரு மேக்னெட்டோவா அணைச்சு, வேகம் எவ்வளவு குறையுதுன்னு பார்க்கணும். எங்க கையேட்டுல 150 சுற்று வரைக்கும் குறையலாம். வலது பக்கம் சரி. இடது பக்கம் வச்சேன். முந்நூறு குறைஞ்சது, விமானமே உதறுது.

ரெண்டையும் சேர்த்து வச்சேன். எஞ்சின் பூ மாதிரி ஓடுது.

நண்பர்களே, இந்த இடத்தைத்தான் சொல்ல வந்தேன். மூணு மாசக் காகித வேலை, லீவு போட்டாச்சு, ரூம் போட்டாச்சு, பின்சீட்டுல அப்பா மடியில பொம்மையோட உட்கார்ந்திருக்கார். ரெண்டும் சேர்ந்தா ஓடுதே, ஒரு மணி நேரம்தானேன்னு ஒரு குரல் கேட்குது. அது வேற யார் குரலும் இல்ல, என் குரல்தான். அண்ணன் எதுவும் சொல்லல. நான்தான் கேப்டன். என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார்.

எனக்கு அந்த நாலரை நிமிஷம் ஞாபகம் வந்தது. டவர்ல சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.

மெக்கானிக் பிளக்குகளைக் கழட்டினார். ஒண்ணுல, உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியில, முடி மாதிரி ஒரு விரிசல். அந்த வெள்ளை என்ன தெரியுமா? பீங்கான். அலுமினா செராமிக். ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கி, பொறியை முனைக்கு மட்டும் விடுறது அதோட வேலை. விரிஞ்சா மின்சாரம் குறுக்குவழியில ஓடிடும்.

அப்பா அதைக் கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கயோ கீழ விழுந்திருக்கு பாப்பா. நாங்க கீழ விழுந்த சரக்கை, பார்க்க நல்லா இருந்தாலும் பாஸ் பண்ண மாட்டோம். தட்டிப் பார்த்தா சத்தம் சொல்லிடும்." விமானத் தொழில்லயும் அதே சட்டம்தான்னு மெக்கானிக் சொன்னார்: கீழ விழுந்த பிளக்கை மாட்டக் கூடாது. எங்கே, யார் கையில விழுந்ததுன்னு கடைசி வரை தெரியல.

புது பிளக் வர அன்னைக்குச் சாயங்காலம் ஆச்சு. வெளிச்சம் இருக்கும்போதுதான் நாங்க பறக்கலாம், அனுமதி நேரமும் போயிடுச்சு. திரும்ப குடியேற்றப் பிரிவு. அப்பாவோட முதல் முத்திரை மேலயே ரத்துன்னு ஒரு முத்திரை.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. "மன்னிச்சிடுங்கப்பா"ன்னேன். அவர் பஸ் ஏறின பிறகுதான் பதில் சொன்னார். "சூளை எரிஞ்சு முடிஞ்சதும் உடனே பிரிக்கணும்னு எல்லாருக்கும் கை பரபரக்கும். சூடு ஆறுறதுக்குள்ள பிரிச்சா அத்தனையும் விரிஞ்சிடும். பிரிக்காம உட்கார்ந்திருக்கிறதுக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கூலி கொடுத்தாங்க."

நீங்க கிளம்பறீங்கன்னா

சுருக்கமா சொல்லிடறேன். தூரத்தைவிடக் கடலைக் குறைங்க. திரும்பி வர எரிபொருளோட போங்க. எல்லாத்தையும் தராசுல வைங்க, அப்பாவையும். முக்கியமா, எந்தெந்தக் காரணத்துக்குத் திரும்புவேன்னு வீட்டுலேயே எழுதி வச்சுக்குங்க. ஓடுதளத்துல உட்கார்ந்து யோசிச்சா ஆசைதான் ஜெயிக்கும்.

மறுபடி விண்ணப்பிச்சிருக்கோம். அடுத்த தை. இந்தத் தடவை பைல ரெண்டு உபரி ஸ்பார்க் பிளக் இருக்கும். வழியில யாராவது மாட்டிக்கிட்டு நின்னா ஒண்ணு கொடுப்போம். அப்பா அந்த விரிசல் விட்ட பிளக்கை வீட்டு அலமாரியில, பொம்மைகளுக்கு நடுவுல வச்சிருக்கார். யாழ்ப்பாணம் போக இருந்த ரெண்டு பொம்மையும் வைக்கோல் பிரிக்காம அப்படியே இருக்கு.

போயிட்டு வந்து சொல்றேன்.