படி எவர் கையில்?



பங்கீட்டுக் கடை அரிசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பழிக்க அன்று. மலிவு விலை அரிசி ஏழையின் அடுப்பை எரிய வைத்தது. அதை ஏளனம் செய்வோர், ஒரு வேளைப் பசியையும் அறியாதவர். நான் கேட்பது வேறு. ஏழைக்கு அளந்து போடும் அந்தப் படி எவர் கையில் இருக்கிறது?

ஐதராபாத்துக்கு மேற்கே, தக்காண மேட்டு நிலத்தில் ஜகீராபாத் என்றோர் ஊர். அன்று ஆந்திரத்து மேடக் மாவட்டம். இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். வானம் பார்த்த செம்மண் பூமி. சோளமும் துவரையும், தினையும் சாமையும் விளைவித்து உண்டு வாழ்ந்த மக்கள். 1983-இல் என்.டி. ராமராவ் ஆட்சி கிலோ 2 ரூபாய்க்கு அரிசி தந்தது. பசி தணிந்தது, மறுக்கவில்லை. ஆனால், அரிசி வெளியூரிலிருந்து வண்டியேறி வரும்போது, மேட்டு நிலத்தில் எருவும் உழைப்பும் கொட்டிச் சோளம் விதைப்பானேன்? நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கிடைத்த ஓரிரு ஏக்கர், கல்லும் சரளையுமாகத் தரிசு கிடந்தது. பட்டா பெட்டியிலே, பட்டாவுக்கு உடையவளோ பிறர் வயலிலே, கூலிக்கு!

அங்கேதான் பெண்கள் சங்கம் கண்டனர். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குலத்தவர், எழுத்தறியாதவர். 1983-இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கமும், அதனை உருவாக்கியோருள் ஒருவரும் 2023-இல் மறைந்தவருமான பி.வி. சதீஷும் அவர்களுக்குத் துணை நின்றனர். 1990-களின் நடுவிலே மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் துறையின் உதவியோடு ஒரு புதுமையைச் செய்தனர். தரிசை உழ, எருவிட, விதைக்க முன்பணம். இரசாயன உரம் கிடையாது, தொழுவுரமே. வாங்கிய கடனைப் பணமாக அன்று, சில ஆண்டுகளில் தானியமாகத் திருப்பிச் செலுத்துவது! முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஈராயிரம் ஏக்கருக்கு மேல் மீண்டும் பச்சை கண்டது.

திரும்பி வந்த சோளம் ஊரைவிட்டுப் போகவில்லை. ஊரிலேயே சேமித்து, கையிருப்பு தீரும் மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு மலிவு விலைக்கு அளந்தனர். வந்த பணம் அடுத்த உழவுக்கு முதலாயிற்று.

யார் ஏழை என்று முடிவு செய்தவர் யார்? அலுவலக மேசையா? இல்லை. ஊரார் கூடித் தரையிலே வீடுகளை வரைந்து, எவர் வீட்டில் எத்துணை வறுமை என்று எல்லோர் கண்ணெதிரே குறித்தனர். மிக வறியவருக்கு மிகுதியான பங்கு. (நம் ஊர் ஏழைகள் பட்டியலில் மாடி வீட்டுக்காரர் பெயர் ஏறிய வேடிக்கையை நீங்களும் கண்டிருப்பீர்கள்!) ஊரறியப் போட்ட கணக்கில் பொய் நுழைவது எளிதன்று.

விதையையும் அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. கூடையிலே சாம்பலும் வேப்பிலையும் இட்டு, மண் பூசி மூடிக் காத்தனர். இல்லாதவள் வாங்கிச் செல்வாள். விளைந்ததும் சற்றுக் கூட்டித் தருவாள். ஒரே புன்செயில் பல பயிர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கஞ்சிக்கு உதவும். பொங்கலை ஒட்டிய நாட்களில், அந்த விதைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் விழாவையும் நடத்தி வந்திருக்கின்றனர். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்குவேட்டர்' பரிசு அவர்களைத் தேடி வந்தது.

பொன்னுலகம் பிறந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியிலேயே கரும்பும் பருத்தியும் கைநீட்டி அழைக்கின்றன. சோளக் களியை வேண்டாமெனத் தள்ளி அரிசிச் சோற்றைக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கடிந்து பயனென்ன? அரிசியே உயர்வு என்று நெடுங்காலம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாமல்லவா!

நம் தமிழகத்திலும் 2023-இல், நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் கடைகளில், அரிசிக்கு மாற்றாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கிற்று. நல்ல தொடக்கம்; வரவேற்போம். வரவேற்ற கையோடு கேட்போம்: அந்தக் கேழ்வரகு எவர் கொல்லையில் விளைந்தது? அதற்கு விலை வைத்தவர் யார்? அளந்தவர் யார்? உள்ளூர்ப் பெண்களிடம் ஒரு சொல் கேட்டதுண்டா?

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் ஊரில் தரிசு எத்தனை ஏக்கர், அதன் பட்டா எவர் பெட்டியில், அந்தப் பெட்டிக்கு உடையவள் இன்று எவர் வயலில் என்பதை எழுதிக் கொண்டு வாருங்கள். தீர்மானத்தை அதன் பிறகு எழுதுவோம்.