ஓடினால்தான் இரயில்



பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வெல்ட் கீ பக்கம் போய் வருகிறவர்களுக்கு அந்தக் கட்டடத்தைத் தெரியாமல் இருக்காது. உச்சியில் மணிக்கூண்டு, உள்ளே சுங்கத் துறை. விஸ்மா கஸ்தாம் என்கிறோம். 1907-இல் அதைக் கட்டியது அன்றைய இரயில்வே. அது ஓர் இரயில் நிலையம், நேயர்களே. ஆனால் ஒரு தண்டவாளம்கூட அதற்குள் வந்தது கிடையாது. இந்தக் கரையில் டிக்கெட் எடுத்துக்கொண்டு, படகேறி அக்கரைக்குப் போய்ப் பிறையில் இரயில் பிடிக்க வேண்டும். சின்ன வயதில் அப்பா இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தண்டவாளத்தைத் தேடிப் பார்த்தேன்.

இரயில் வராத அந்த நிலையம் இன்றும் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. நம் கண்ணெதிரே ஓடிய ஓர் இரயிலைத்தான் நம்மால் காப்பாற்ற முடியவில்லை. பழைய இரயிலைக் காப்பாற்றுவது என்ற கலையைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். கலை என்ற சொல்லை யோசித்துத்தான் சொல்கிறேன். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நம் பினாங்குக் கொடிமலை இரயிலிலிருந்தே தொடங்குகிறேன். தனியார் ஒருமுறை முயன்று தோற்ற வேலை அது. பிறகு ஜான்சன் என்ற இரயில்வே பொறியாளர் சுவிட்சர்லாந்து வரை போய்க் கற்றுவந்து போட்ட பாதை. 1923 அக்டோபரில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி முதல் தேதி ஆளுநர் முறைப்படி திறந்துவைத்தார். நீளம் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் வியர்த்துக்கொண்டு ஏறியவர் உச்சியில் சால்வை தேடுவார்.

நான் ஏறியது 1977-இல் வந்த சிவப்புப் பெட்டிகளில். மலைச்சரிவுக்கு ஏற்றபடி பெட்டியே படிக்கட்டு மாதிரி இருக்கும். பாதி வழியில் நடு நிலையத்தில் இறங்கி, அடுத்த பெட்டிக்கு மாற வேண்டும். மேல்பாதி, கீழ்ப்பாதி ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டிகள், ஒரே கயிறு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இறங்குகிற பெட்டியின் எடையே ஏறுகிற பெட்டியை ஓரளவு தூக்கிவிடும். மிச்ச பாரத்தை மட்டும் மேலே இருக்கும் மின்மோட்டார் இழுத்தால் போதும். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒற்றைப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று கடக்கும். அந்தச் சில நொடிகளுக்காகவே ஜன்னலோரம் சண்டை போட்டு உட்கார்ந்திருப்போம். இறங்கி வருகிறவர்கள் முகத்தில் மலைக்காற்றுப் பட்ட களை இருக்கும், உச்சியில் திருமுருகன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் நெற்றியில் விபூதி இருக்கும். முன்பின் தெரியாதவர்களுக்குக் கையசைப்போம். அவர்களும் அசைப்பார்கள்.

2010 பிப்ரவரியில் அந்த இரயில் நின்றது. அடுத்த ஆண்டு புதியது வந்தது. நடுவில் மாறத் தேவையில்லை, ஒரே பெட்டியில் நூறு பேர் போகலாம், அரைமணி நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. புதியது வந்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பழையது அடிக்கடி பழுதாகி நின்றதும், வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றதும் எனக்கும் நினைவிருக்கிறது. முட்டி வலிக்கும் பாட்டிகள் இன்று மாறி ஏறாமல் நேராக உச்சிக்குப் போய் முருகனைப் பார்க்கிறார்கள். இருந்தது ஒரே வழித்தடம். அதில் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்ட முடியாது. என் வருத்தம் வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களை வேறொரு கரைக்கு அழைத்துப் போகிறேன்.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடலோரத்தில் டவின் என்று ஒரு சிற்றூர். மலையிலிருந்து கூரைக்கான பலகைக்கல்லை இறக்குவதற்காக 1860களில் அங்கே ஒரு சின்ன இரயில் பாதை போட்டார்கள். பெயர் டாலிலின் இரயில்வே. நீளம் ஏழேகால் மைல். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டேகால் அடிதான். 1948-இல் பிரிட்டனின் இரயில்களை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது இதைப் பட்டியலில் சேர்க்கக்கூட இல்லை. அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொன்னவர், சொன்னபடியே ஓட்டியவர். 1950-இல் அவர் காலமானார். இனி இரும்புக்கடைதான் கதி என்ற நிலை.

அந்த அக்டோபர் மாதம் பர்மிங்காமில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியவர் எல்.டி.சி. ரோல்ட், எழுத்தாளர், பொறியியல் தொழிற்பயிற்சி பெற்றவர். சம்பளமில்லாமல் நாமே ஓட்டினால் என்ன என்பதுதான் கேள்வி. இரயில்வேயை அரசு நடத்தும், முதலாளி நடத்துவார். வங்கிக் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் லீவு நாளில் வந்து நடத்துவார்கள் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. 1951 மே மாதம் வண்டி ஓடியது. தொண்டர்கள் நடத்திய இரயில் உலகத்திலேயே அதுதான் முதல்.

ஓடியது என்று சொல்லிவிட்டேன், எப்படி ஓடியது என்று கேளுங்கள். ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப் போயிருந்தன. தண்டவாளம் விலகாமல் நின்றதே அதைச் சுற்றி வளர்ந்த புல்லின் பிடிப்பால்தான் என்பார்கள். ஓடும் நிலையில் இருந்த எஞ்சின் ஒன்றே ஒன்று: டோல்காக், 1866-இல் செய்தது. அது படுத்துவிட்டால் இரயில்வேயே படுத்துவிடும். பக்கத்தில் காரிஸ் என்று இன்னொரு குட்டி இரயில்வே மூடிக் கிடந்தது. அதுவும் அதே இரண்டேகால் அடி. அந்த அளவு வேறெங்கும் காண்பது அரிது. அதனுடைய இரண்டு எஞ்சின்களை, ஒன்று 25 பவுன் என்று, வாங்கிவந்தார்கள். வெல்லப்போகிறவர்கள் போலவா இருந்தார்கள்? ஆனால் அந்த இரயில் இன்றும் ஓடுகிறது. 2021-இல் யுனெஸ்கோ, வடமேற்கு வேல்ஸின் பலகைக்கல் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்தப் பாதையும் அதில் ஒரு பகுதியானது.

இதைக் கலை என்று ஏன் சொல்கிறேன்? நீராவி எஞ்சினை ஓட்டப் புத்தகம் படித்தால் போதாது. வருகிறவர் முதலில் கிளீனர். விடிவதற்கு முன் வந்து சாம்பல் வாருவார், எண்ணெய்த் துணியால் துடைப்பார். துடைக்கும்போதுதான் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது, எந்த இணைப்பில் ஈரம் கசிகிறது என்று விரலுக்குத் தெரியும். சில ஆண்டுகள் கழித்து ஃபயர்மேன். அடுப்பில் கரியை எங்கே மெல்லிசாகப் பரப்பணும், ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்னால் தீயைக் கூட்டணும், இதெல்லாம் பாதையின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமானால்தான் வரும். அதற்கும் பிறகுதான் டிரைவர். குருவின் பக்கத்தில் நின்று கற்கிற வித்தை இது. நம் ஊரில் நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறவர் குருவின் பின்னால் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் ஒத்து ஊதியது போலத்தான்.

போராட்டமும் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனைக் கழற்றி முழுதாகச் செப்பனிட வேண்டும். டிக்கெட் விற்ற காசெல்லாம் அதற்கே போகும். கரியும் எளிதில் கிடைப்பதில்லை. வேல்ஸில் நீராவி எஞ்சின்களுக்குக் கரி கொடுத்துவந்த ஃபோஸ்-அ-வ்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. இப்போது தொலைதூரத்திலிருந்து வரவழைக்கிறார்கள். பணத்தைவிட, கரியைவிடப் பெரிய கவலை ஆள். முதல் தலைமுறைத் தொண்டர்களுக்கு நீராவி சின்ன வயது ஞாபகம். இன்றைய இருபது வயதுப் பிள்ளைக்கு அது யாருடைய ஞாபகமோ. அவனைத் துடைக்கும் துணியோடு விடியற்காலையில் வரவைப்பது எப்படி? இதற்கு விடை கண்ட சங்கங்கள் ஓடுகின்றன. காணாதவை மெல்ல அருங்காட்சியகம் ஆகிவிடுகின்றன.

நம் தமிழர்களுக்கும் இந்தக் கலையில் பங்கு உண்டு, நேயர்களே. கொடிமலைக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து தொழில்நுட்பம் வந்ததுபோல நீலகிரி மலை இரயிலுக்கும் அங்கிருந்தே எஞ்சின்கள் வந்தன, வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் திறந்த பாதை. 1908-இல் உதகையை எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 16 குகைகள், 250 பாலங்கள். செங்குத்தான பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். அந்த எஞ்சின்களுக்கு உதிரி பாகம் எங்கேயும் விற்பதில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினையே புதிதாகச் செய்தார்கள். 2010-க்குப் பின் எண்ணெயில் ஓடுபவை வந்தன, 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது. சென்னை பெரம்பூர்ப் பணிமனைக்காரர்கள் 1855-ஆம் ஆண்டின் எஞ்சின் ஒன்றை, நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக மேடையில் நின்றதை, 2010-இல் எழுப்பி ஓடவிட்டார்கள். இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான், தொண்டர்கள் அல்ல. ஆனால் கையில் வித்தை அறுபடாமல் இருந்ததால்தான் அது நடந்தது.

பினாங்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் கோலா செபெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். நம் வெல்ட் கீக்கும் அந்த ஊருக்கும் ஒரே ஆளுநரின் பெயர். தைப்பிங்கிலிருந்து அங்கே 1885 ஜூன் முதல் தேதி ஓடியதுதான் மலாயாவின் முதல் இரயில். பாதை போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். இன்று அங்கே தண்டவாளம் இல்லை. கோப்பிக் கடை ஓரம் டிக்கெட் கொடுத்த சின்ன அறையும், ஊர்ப்பெயர்ப் பலகையும்தான் மிச்சம். அந்தப் பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், அவற்றோடு தமிழ். முதல்முறை பார்த்தபோது தொண்டை அடைத்தது எனக்கு. நம்மவர்கள் அந்த நடைமேடையில் இறங்கி, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரோ நினைத்து எழுதிய எழுத்து அது. பலகையைக் காப்பாற்றியவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் பலகை இரயில் ஆகாது.

கொடிமலையின் பழைய பெட்டிகளும் அப்படித்தான். காட்சிக்கு வைத்திருக்கிறோம், பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நல்லதுதான். என் வருத்தம் எதில் என்றால், பெட்டியைப் பத்திரப்படுத்திய நாம் அதை ஓட்டியவர்களின் கையைப் பத்திரப்படுத்தவில்லை. 1986 முதல் பினாங்கு ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற தொண்டர் அமைப்பு இந்த ஊரின் பழைய வீடுகளுக்காகப் போராடி வருகிறது. ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு அப்படிப்பட்டவர்களின் உழைப்பும் ஒரு காரணம். சுண்ணாம்புச் சாந்து பூசும் கொத்தனாரைத் தேடிப் பிடித்து, அந்த வித்தையைத் தெரிந்துகொண்ட ஊர் இது. கயிற்று இரயில்காரர்களையும் தேடியிருக்கலாம். இன்னும் தேடலாம், சிலர் இருக்கிறார்கள்.

ஆயர் ஈத்தாமில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். பழைய கொடிமலைப் பாதையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எண்பதைத் தாண்டியவர். இரும்புக் கயிறு எப்போது பழுதாகும் என்று எப்படித் தெரியும் ஐயா, என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த பழைய துண்டை எடுத்துவந்தார். நாற்காலியின் கைப்பிடியைத் துண்டால் தளர்வாகச் சுற்றிப் பிடித்தார்.

"இந்த மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கணும்மா. கயிறு மெதுவா ஓடும். உள்ள ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா துணியில மாட்டும். இறுக்கிப் பிடிச்சா துணியோட கையும் போயிரும். லேசா பிடிச்சா மாட்டினதே தெரியாது."

எவ்வளவு இறுக்கமாக, என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை அவருக்கு. என் கையை இழுத்து, துண்டுக்கு மேல் வைத்து, தன் கையால் மூடி அழுத்திக் காட்டினார். சுருங்கிய, சூடான கை. அந்த அழுத்தத்தை எந்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசியதை மட்டும் பதிந்துகொண்டேன். கூட வந்திருந்த என் அக்கா மகன், பாலிடெக்னிக்கில் படிப்பவன், நான் கேட்காமலேயே அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து துண்டை வாங்கிப் பிடித்துப் பார்த்தான். "அவ்வளவு இல்ல தம்பி, இன்னும் விடு," என்றார் பெரியவர். மறுபடி பிடித்தான். "இன்னும் கொஞ்சம்."

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். பிரேக்கைப் பற்றி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்.