ஒருவரிச் செய்திகளும் ஊர் வரலாறும்

 

தமிழ் படித்தவள் ஆதலால் சங்கப் பாட்டொன்றை விரித்துரைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். சங்கப் பாட்டும் வரும். ஆனால் நான் தொடங்கவிருப்பது அமெரிக்காவில். வினாடி வினாப் போட்டிக்கென்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பொது அறிவு நூல்களில் அமெரிக்க மாநிலங்களுக்கென்றே பல பக்கங்கள் இருக்கின்றன. அலாஸ்காவை உருசியாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய ஆண்டு எது? 1867. விலை என்ன? 72 இலட்சம் டாலர். ஐம்பதாவதாகச் சேர்ந்த மாநிலம் எது? 1959இல் சேர்ந்த அவாய். இவ்வாறு கேள்வியும் விடையும் ஒவ்வொரு வரியில் முடிந்துவிடுகின்றன.

இத்தகைய துணுக்குச் செய்திகளைக் கற்றவர் பலர் ஏளனம் செய்வதுண்டு. நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. துணுக்கு என்பது விதை போன்றது. மடியில் முடிந்து வைத்திருந்தால் அது முளைக்காது, மண்ணில் ஊன்றவேண்டும். ‘இது எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? நமக்கு எப்படித் தெரியும்?’ என்னும் மூன்று கேள்விகளே அந்த மண். இம்மூன்றையும் கேட்டால், கடல் கடந்த நாட்டின் செய்தியும் நம் ஊர் வாசலில் வந்து நிற்கும். கேட்காமல் விட்டால், நம் ஊர்ச் செய்தியும் நமக்கு அயலாகிப் போகும். இதனையே சில சான்றுகளால் விளக்க விழைகிறேன்.

முதலில் லூயிசியானா. 1803இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா வாங்கிய பெருநிலப்பரப்பிற்கு அப்பெயர். இன்றைய லூயிசியானா மாநிலம் அதன் ஒரு பகுதி. அது கரும்பு விளையும் நாடு. 1920களில் தேமல் நோய் தாக்கி அங்குக் கரும்புத் தொழில் நலிந்தது. நோய் தாங்கும் இரகங்களை உழவர்கள் வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தனர். சாவகத்து இரகங்களோடு 1930களில் அவ்வயல்களில் விளைந்தவை கோ 281, கோ 290 என்னும் கரும்புகள். ‘கோ’ என்பது எதன் முதலெழுத்து? கோயம்புத்தூரின் முதலெழுத்து! 1912இல் கோவையில் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர் அவர்களும் அவரைத் தொடர்ந்து டி. எஸ். வெங்கடராமன் அவர்களும், தடித்த இனிய கரும்பை நாணல் வகையைச் சேர்ந்த காட்டுக் கரும்போடு கலந்து புதிய இனங்களை உருவாக்கினர். அதன் பயனே இக் ‘கோ’ வரிசை.

இங்கே ஒரு புறநானூற்றுச் செய்தியை நினைவூட்டுதல் பொருந்தும். தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடிய 99ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. என்றோ வெளியிலிருந்து வந்து சேர்ந்த கரும்பு, இருபதாம் நூற்றாண்டில் கொங்கு மண்ணில் புதுப்பிறவி எடுத்து அமெரிக்காவுக்குப் பயணம் போயிருக்கிறது. லூயிசியானாவைப் பற்றிய ஒருவரிச் செய்தி ஔவையில் போய் முடிகிறது, பாருங்கள்.

அடுத்து மிச்சிகன். ஏரிகளால் சூழப்பட்ட மாநிலம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அம்மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றவர் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். இந்தியப் பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது. அவர் 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு நிலையத்தில் பணியாற்றிக் கரும்பின் உயிரணு ஆய்வில் பெயர் பெற்றார். முனைவர் பட்டத்திற்காக நாங்கள் பட்ட பாட்டை இன்று பெரிதாகப் பேசுகிறோம். நமக்கு முன்னே கடல் கடந்து சென்று பட்டம் பெற்று, நம் கோவை மண்ணில் உழைத்த அப்பெருமாட்டியை நம் மாணவியருள் எத்தனை பேர் அறிவர்? மிச்சிகனின் தலைநகரம் எது என்பதை அறிந்தவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டாமா?

இனி நம் ஊருக்கே வருகிறேன். அருள்மிகு மாசாணியம்மன் திருக்கோயிலை அறியாதார் இவ்வவையில் இல்லை. அன்னை பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறாள். அநீதி இழைக்கப்பட்டவர்கள் அங்குள்ள நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுவது வழக்கம். இம்மிளகாயிடம் நம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பசு அக்கண்டத்தை அடைந்த பின்னரே அது பிற நாடுகளுக்குப் பரவிற்று. போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் தமிழர் சமையலில் காரம் தந்தது மிளகு. அதனால்தான் புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே சூட்டி மிளகாய் என்றனர். ஆகவே மிளகாய் அரைக்கும் இவ்வழக்கம் இன்றைய வடிவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருத்தல் இயலாது.

ஆனால் அவ்வன்னையோடு மக்கள் இணைத்துச் சொல்லும் கதையின் கருவோ மிகப் பழையது. குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் ஒரு கொடுமையைக் குறிப்பிடுகின்றார். நீராடச் சென்ற பெண்ணொருத்தி ஆற்றில் மிதந்து வந்த பசுங்காய் ஒன்றைத் தின்றாள். அதற்காக நன்னன் அவளைக் கொல்லத் துணிந்தான். எண்பத்தொரு களிறுகளையும் அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையையும் ஈடாகத் தருவதாகச் சொல்லியும் அவன் ஏற்கவில்லை. பெண்கொலை புரிந்தவன் என்னும் பழி இன்றளவும் அவன் பெயரோடு நிற்கிறது.

மாணவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். அப்பாடலில் ஆனைமலை என்னும் பெயர் இல்லை. காய் மாங்காய் என்றும் பாடல் கூறவில்லை. சங்கப் பாடல்கள் நன்னனை ஏழிற்குன்றத்தோடு சேர்த்துப் பேசுகின்றன. அது மேலைக் கடற்கரையில் வடக்கே இருப்பது. எனவே ‘குறுந்தொகை நம் ஊர்க் கதையைச் சொல்கிறது’ என்று துணுக்கு எழுதினால் அது சான்றுக்கு மிஞ்சிய கூற்றாகும். ‘குறுந்தொகை சொல்லும் கொடுமையை ஆனைமலை மக்கள் தம் ஊரில் நிகழ்ந்ததாக நம்பி, இறந்த பெண்ணைத் தெய்வமாக வழிபடுகின்றனர்’ என்று எழுதினால் அது உண்மையாகும்.

இரண்டாவது கூற்று நம் ஊருக்குச் சிறுமை தருமோ என்று சிலர் ஐயுறலாம். எனக்கு அதுவே பெருமையாகத் தோன்றுகின்றது. பாட்டில் அப்பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அவளைக் கொன்றவனுக்கே பெயர் இருக்கிறது. புலவர் பழியை மட்டும் பதிவு செய்தார்; நம் மக்களோ அவளுக்குப் பெயரிட்டுக் கோயில் எடுத்து, நீதி கேட்டு வருவோர்க்கு அவளையே நடுவராக அமர்த்தினர். வழக்கு மன்றத்தின் படியேற வழியற்ற ஏழைப் பெண் ஒருத்தி இன்றும் அங்கு வந்து தன் குறையைச் சொல்லி மிளகாய் அரைக்கிறாள். சங்க காலத்துப் பழியும் அமெரிக்கக் கண்டத்துக் காயும் ஒரே கல்லில் சேர்ந்து அரைபடுகின்றன. இலக்கியத்தையும் வழக்காற்றையும் பிரித்தறிந்ததனால் இவற்றில் எதுவும் குறைந்துவிடவில்லை. இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன, அவ்வளவே.

பெயர் ஒன்றாயிருப்பதால் விளையும் குழப்பங்களும் உண்டு. மதுரைக்கு அருகில் ஒத்தக்கடையை ஒட்டி ஒரு யானைமலை இருக்கிறது. சமணர் வாழ்ந்த குன்றாகச் சொல்லப்படுவதும், பாண்டியர் காலத்து நரசிங்கர் குடைவரை அமைந்திருப்பதும் அம்மலையே. அவற்றை நம் ஆனைமலைக்கு ஏற்றிச் சொல்லுதல் தவறு. அதுபோன்றே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி நம் மலைத்தொடரின் முடிதான். எனினும் அது இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம் எது என்று கேட்டால் நீலகிரியின் தொட்டபெட்டா என்றே விடை எழுதவேண்டும்.

நமக்கு உரியது என்று உறுதியோடு சொல்லத்தக்க பெருமைகள் குறைவா என்ன? பதிற்றுப்பத்தின் பதிகங்கள் உம்பற்காடு என்னும் நிலத்தைக் குறிக்கின்றன. உம்பல் என்றால் யானை. அந்நிலம் ஆனைமலைப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், தன்னைப் பாடிய குமட்டூர்க் கண்ணனார்க்கு உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களை அளித்தான் என்கிறது பதிகம். பிற்காலத்தில் கொங்கின் இருபத்துநான்கு நாடுகளுள் ஒன்றாக ஆனைமலை நாடு எண்ணப்பட்டது. நம்மை அடுத்த பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டில் உரோமானிய வெள்ளிக்காசுகள் நிறைந்த பானையொன்று தோண்டி எடுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் சான்று உண்டு. சான்றுள்ள பெருமை இருக்கையில் கடன் வாங்கிய பெருமை எதற்கு?

மீண்டும் ஒருமுறை அமெரிக்கா சென்று வருவோம். அங்கு ஒவ்வொரு மாநிலத்திற்கும் பறவை, மலர், விலங்கு என்று சின்னங்கள் உண்டு. கலிபோர்னியாவின் கொடியில் பெருங்கரடி ஒன்று நடைபோடுகிறது. 1953இல் அதனையே மாநில விலங்காகவும் அறிவித்தனர். ஆனால் அவ்வகைக் கரடி அம்மாநிலத்துக் காடுகளில் 1924க்குப் பின் தென்படவே இல்லை. வேட்டையாடி அழித்துவிட்டுக் கொடியில் வைத்துக் கொண்டாடுகின்றனர்.

நம் மாநில விலங்கு வரையாடு. நீலகிரி வரையாடு என்று பெயர் வழங்கினாலும் அது மிகுதியாக வாழும் இடங்களுள் ஒன்று நம் வால்பாறைக்கு மேலுள்ள புல்மலை. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய மலையாடு இதுவே என்பர். 2022இல் தமிழ்நாட்டரசு வரையாட்டைக் காக்கத் தனித் திட்டம் அறிவித்தது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதிலும் காணப்பட்டவை 1,031. ஓராயிரத்துச் சொச்சம் உயிர்கள்! தேர்வில் ‘வரையாடு’ என்று விடை எழுதும் மாணவன் இந்த எண்ணையும் அறிந்தால், விடையின் கனம் அவனுக்கு விளங்கும். கொடியில் மட்டும் வாழும் விலங்காக அது ஆகிவிடலாகாது.

விலங்குக்குச் சொன்னது பெயர்களுக்கும் பொருந்தும். மிச்சிகன், மிசிசிப்பி போன்ற மாநிலப் பெயர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழிச் சொற்கள். மிச்சிகன் என்றால் பெருநீர். மிசிசிப்பி என்றால் பேராறு. பெயர்கள் நிலைத்துவிட்டன. பெயரிட்ட மக்களுள் பலரோ 1830இல் இயற்றப்பட்ட வெளியேற்றச் சட்டத்தால் தம் நிலத்தை இழந்து மேற்கே துரத்தப்பட்டனர்.

நம் மலையில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. காடர், முதுவர், புலையர், மலசர், மலைமலசர், எரவாளர் ஆகிய மக்கள் இம்மலையில் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் வெளியுலகம் அறிந்த பெயர் ‘டாப்சிலிப்’. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் பம்பாய்க் கப்பல் தளத்திற்கென்று வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டதனால் வந்த பெயர் அது. மரம் சரிந்த இடத்திற்குப் பெயர் இருக்கிறது. அம்மரங்களின் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு ஓடைக்கும் பாறைக்கும் வைத்த பெயர்கள் எந்த நூலில் இருக்கின்றன? அவை முதியோர் நாவில் இருக்கின்றன. ஒரு முதியவர் மறையும்போது ஒரு பெயர்த்தொகுதியே மறைகிறது. பனையோலைச் சுவடிகள் அழிந்ததைச் சொல்லிச் சொல்லி வருந்தும் நாம், கண்முன் அழியும் இவ்வாய்மொழிச் சுவடியைக் காணாதிருத்தல் தகுமோ?

ஆதலின் இப்பத்தாம் ஆண்டு விழாவில் ஒரு விண்ணப்பம் வைக்க விரும்புகிறேன். இவ்விலக்கிய வட்டம் ‘ஊர்ச்செய்தி ஏடு’ ஒன்றைத் தொடங்கவேண்டும். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் இருக்கட்டும். முதற்பத்தியில் செய்தி, இரண்டாம் பத்தியில் அது பாட்டா, கல்வெட்டா, அரசு ஆவணமா, வாய்மொழியா என்னும் சான்று, மூன்றாம் பத்தியில் சொன்னவர் ஊரும் கேட்டறிந்த நாளும். வாய்மொழியை வாய்மொழி என்றே எழுதுவோம். அதனால் அதற்குப் பெருமை குறையாது. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். மலையூர்களுக்குச் செல்வோர் அம்மக்களின் இசைவு பெற்று, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதிவரட்டும். இப்பணியில் என்னால் இயன்ற அளவு துணைநிற்கச் சித்தமாயிருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! அமெரிக்க மாநிலங்கள் ஐம்பதையும் மனப்பாடம் செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொன்றையும் படிக்கையில் ‘எங்கிருந்து, எப்போது, எப்படித் தெரியும்’ என்று மட்டும் கேளுங்கள். கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுத்து உங்கள் பாட்டியிடம் கேட்பதற்கும் உங்களுக்குக் கேள்வி இருக்கும். விடை சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.