பிள்ளையைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோம்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)



"நாங்கள் எழுத்தறியாதவர்கள்; பிள்ளையைத் தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறவே முன்வந்துள்ளோம்.

பம்பாய்ப் பரேல் பகுதியில், ஓர் அறையே வீடாக வாழ்ந்த இராம்ஜி என்னும் தந்தை, இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பின்னர் மகனை எழுப்பிப் படிக்க வைத்தார். அம்மகனே அண்ணல் அம்பேத்கர். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது பெற்ற மதிப்பெண் 750க்கு 282. அதனைக் குறைவென்று கருதாமல் அவர் சமூகத்தார் விழா எடுத்துப் பாராட்டினர். இராம்ஜி படித்தவர்தாம், ஆனால், பிள்ளைக்காக விழித்திருக்கப் படிப்பு வேண்டுவதில்லை அன்றோ!

இன்று நம் பிள்ளைகள் முன் நிற்பது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. 2008இல் மத்திய அரசு தொடங்கிய இத்திட்டத்தில், அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்பு பயில்வோர் தேர்வு எழுதலாம். தெரிவு பெறுவோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்போடு கூலிக்குச் செல்லும் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் தொகை அது.

மனத்திறன் தாளில் 90 வினாக்கள். படிப்பறிவுத் தாளில் 90 வினாக்கள். தாளுக்கு 90 நிமிடங்கள். வினாவுக்கு ஒரு நிமிடமே. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் குறைந்தது 32 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். அது வாயிற்படியே, தெரிவு மதிப்பெண் வரிசைப்படி நடைபெறும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடையின்றி விடலாகாது.

எண்தொடர், உருவ ஒப்புமை போன்ற வினாக்களை முன்பின் கண்டறியாத பிள்ளை திகைக்கிறது. குறை அறிவில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. ஆதலின் சனிக்கிழமைதோறும் கடிகாரத்தை முன்வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதச் செய்வோம். கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, இப்பணி உங்களுடையது.

பெற்றோர் பணி வேறு. மாலை ஏழு முதல் ஒன்பது வரை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைப்பீர்! அந்நேரத்தில் தண்ணீர் எடுக்கவும் தம்பியைத் தூக்கவும் மகளை அழையாதீர்!

தெரிவு பெறாத பிள்ளையை ஏசுதல் வேண்டா. அப்பிள்ளைக்கும் நம் மாலை வகுப்பில் பாயும் விளக்கும் உண்டு. ஒருவரை உயர்த்திப் பதின்மரை இழப்பது கல்விப்பணி ஆகாது.