போர்விமானக் கோலம் பூண்ட பழைய கார்



தம்முடைய வண்டிக்கு அணி செய்து அழகு பார்ப்பது நம்மவரின் பழைய இயல்பு. மாட்டு வண்டிக் காலத்தில் காளையின் கொம்புக்கு வர்ணம் தீட்டினோம். கழுத்துக்குச் சலங்கை கட்டினோம். இன்று பழைய கார்களைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு, அவற்றுக்குப் போர்விமானக் கோலம் புனைவோர் சிலர் உளர். இவ்வாசை பேரையூர் வரையிலும் வந்துவிட்டது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

காருக்கும் போர்விமானத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கார்களுக்கு வடிவம் வகுத்தவர் ஹார்லி ஏர்ல். லாக்ஹீட் பி-38 என்ற போர்விமானத்தின் இரட்டை வால் அவர் மனத்தைக் கவர்ந்தது. அதன் பயனாக 1948ஆம் ஆண்டுக் காடிலாக் காரின் பின்புறத்தில் இரண்டு சிறு துடுப்புகள் முளைத்தன. அந்த மோகம் உலகெங்கும் பரவிற்று. நம் தெருக்களில் ஓடிய பியட் 1100 காரின் பின்புறத்தில் மேலெழுந்து நின்ற விளிம்பும் அதன் எச்சமே.

சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நேயர்களிற் பலர் அறிவீர்கள். அதன் மூல நிறுவனம் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மாஸ்கிட்டோ விமானங்களைக் கட்டியது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962இல் அங்கே ஒரு சிறு கார் செய்தனர். அதற்குச் சூட்டிய பெயர் ஸ்பிட்பயர். புகழ்பெற்ற போர்விமானத்தின் பெயர் அது. சென்னைக்கு அருகில் சோழவரத்திலோ, போர்க்காலத்து விமான ஓடுபாதையே பின்னாளில் கார்ப் பந்தயக் களமாயிற்று.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அத்தகைய ஹெரால்டு கார் ஒன்றை வைத்திருக்கிறார். அவருடைய தந்தையார் விமானப்படையில் இயந்திரப் பணியாளராக இருந்தவர். 1965 போரின்போது நாட் விமானங்களைப் பழுது பார்த்தவர். தந்தையார் மறைந்தபின், அவருடைய நினைவாகக் காருக்கு விமானக் கோலம் புனைய மகன் விரும்பினார். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான வர்ணம், முகப்பில் சுறாவின் பற்கள், கதவில் வீழ்த்திய பகை விமானங்களைக் குறிக்கும் சின்னங்கள் என்று படம் வரைந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, முதலில் சட்டத்தைப் பார்" என்றேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, படைத்துறைக்குரிய வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை வர்ணம் பூசலாகாது என்கிறது. பதிவுச் சான்றில் வண்டியின் நிறமும் குறிக்கப்பட்டிருத்தலின், வேறு நிறம் பூசினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதனைப் பதிந்துகொள்ளுதல் வேண்டும்.

அடுத்தது தொழில் நுட்பம். விமானத்தின் தோலில் தெரியும் ஆணி வரிசையைக் காரிலும் காட்ட எண்ணித் தகட்டைத் துளைப்போர் உண்டு. துளைத்த இடத்தில் நீர் புகும், துரு பிடிக்கும், சில மழைக்காலங்களில் தகடே அரித்துவிடும். ஆணியைத் தூரிகையால் எழுதிக் காட்டினால் போதும். ஹெரால்டின் மேனி, திருகுகளால் இணைத்த தனித்தனிப் பகுதிகளால் ஆனது. அவற்றைக் கழற்றித் துருவைச் சுரண்டி, அடிப்பூச்சுப் பூசிய பின்னரே வர்ணம் தீட்ட வேண்டும். பளபளப்பில்லாத மங்கல் வர்ணம் போர்க்களத்துக்கு ஏற்றது. நம் செம்மண் புழுதியிலோ அழுக்கு அதில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. சுறாவின் பற்கள் போர்க்காலத்து வீரர்கள் தம் விமானத்தில் எழுதிக்கொண்டவை. வீழ்த்திய விமானத்தின் சின்னமோ, உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவர் ஈட்டிய அடையாளம். "உன் தந்தையார் ஒரு விமானத்தையும் வீழ்த்தவில்லை. வீழ்த்தச் சென்றவர்கள் நலமாகத் திரும்பி வரும்படி இயந்திரத்தைக் காத்தவர் அவர். செய்யாததை அவர் பெயரால் எழுதினால், செய்தது மறைந்துபோகுமே!" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அப்பாவுக்கு அடையாளம் எது ஐயா?" என்று கேட்டார்.

அமெரிக்க விமானப்படையில் ஒரு வழக்கம் உண்டு. விமானியின் பெயரோடு, அவ்விமானத்தைப் பேணும் தலைமைப் பணியாளரின் பெயரையும் அதன் உடலில் எழுதுவார்கள். அதைச் சொன்னேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நாட் விமானம் தாங்கியிருந்த வெள்ளி நிறத்தையே தேர்ந்து, அதனை முறைப்படி பதிவும் செய்தார் அவர். பற்களும் இல்லை, சின்னங்களும் இல்லை. ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதைத் திறந்தால் இயந்திரத்துக்கு எதிரே, மூடியின் உட்புறத்தில் தந்தையாரின் பெயரும் பணியும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. பழுது பார்க்க வரும் தொழிலாளர்களின் கண்ணில்தான் அவை முதலில் படும்.

வண்டியை அலங்கரிப்பது தவறன்று. பழைய பொருளைப் பேணுவது நற்பண்பே. ஆயினும் அலங்காரமும் ஒரு சொல்லே. அதனை மெய்யாகச் சொல்லுதல் வேண்டும். ஆகாயத்தில் பறந்தவரை உலகம் எளிதில் நினைவு கூரும். தரையில் நின்று அவரைப் பறக்கச் செய்தவரை நினைவு கூர்வது மக்களின் கடமை.